புதிதாய் விரித்த புல்தரை



செம்பூரிலும் மாட்டுங்காவிலும் குடியிருப்புச் சங்கத்தார் தங்கள் வளாகத்தில் புல்தரை அமைப்பதைக் காண்கிறோம். நர்சரியிலிருந்து புல் பாய்கள் டெம்போவில் வந்திறங்குகின்றன. காலையில் வெறும் மண்ணாய்க் கிடந்த இடம் மாலையில் பச்சைக் கம்பளமாகிறது. மூன்றாம் வாரத்தில் அதுவே வைக்கோல் நிறமாகிவிட்டால், பழி மாலியின் தலையில் விழுகிறது. சில இடங்களில் அவருடைய வேலையே போய்விடுகிறது. குற்றம் பெரும்பாலும் அவருடையதல்ல.

நெல்லைச் சீமையில் நாற்று நட்டவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். பிடுங்கி நட்ட நாற்று முதலில் வெளுத்து, வேர் பிடித்த பின்னரே பச்சை திரும்பும். புல் பாயும் அப்படியே. வெட்டி எடுக்கையில் அதன் வேரில் பெரும்பகுதி நர்சரியிலேயே தங்கிவிடுகிறது. (ஊரில் வயலைக் கெடுக்கிறதென்று வெட்டியெறிந்த அருகம்புல்லின் இனத்தை இங்கே பணம் கொடுத்து வாங்குகிறோம்!)

பாயின் அடியிலுள்ள மண்ணே முதற்காரியம். மும்பைக் கட்டடங்களைச் சுற்றிலும் மண் என்று நாம் நினைப்பது பல இடங்களில் இடிபாட்டுக் கல்லும் சிமெண்டுமே. அவற்றை அகற்றி, ஒரு சாண் ஆழமாவது கொத்தி, மணலும் மக்கிய எருவும் கலக்கவேண்டும். இல்லாவிடில் பாயோடு வந்த செம்மண் மூடிபோல் இறுகிவிடும். நீர் கீழே இறங்காது, வேரும் இறங்காது.

விரித்த அன்றே அடிமண் நனையும்வரை நீர் விடவேண்டும். முதல் இரண்டு வாரம் ஈரம் காயலாகாது. ஓரங்களும் இணைப்புகளுமே முதலில் காய்கின்றன. நீரை அதிகாலையில் விடுவது நல்லது, இரவெல்லாம் நனைந்து கிடக்கும் புல்லில் பூஞ்சணம் பற்றும். இந்நகரில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை ஏறக்குறைய முழுவதும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டிவிடுவதால், நீர் தேங்கும் இடத்தில் ஜூலையில் பாய் விரிப்பது வீண். செப்டம்பர் கடைசி ஏற்ற காலம். ஒரு மூலையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். எழும்பாமல் பிடித்துக்கொண்டால் வேர் இறங்கிவிட்டது. அதன்பின்பே வெட்டலாம், அதுவும் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அல்ல. உயர்ந்த கட்டடத்தின் நிழலில் அருகு இனம் பிழைக்காது. அங்கே வேறு செடி வைப்பதே உத்தமம்.

இனி, கால்மிதி. தாதரிலுள்ள சிவாஜி பூங்கா 1925-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 28 ஏக்கர் பரப்புள்ள அம்மைதானத்தின் செம்மண் புழுதியால் அக்கம்பக்கத்தார் பல ஆண்டுகளாய் அவதியுறுகின்றனர். மாநகராட்சி மழைநீரைச் சேமித்துத் தெளிக்கவும் புல் வளர்க்கவும் முயன்றது. ஆயினும் புழுதிப் புகார் ஓயவில்லை. கிரிக்கெட்டும் கூட்டங்களும் ஓயாத இடத்தில் இளம்புல்லுக்கு வேர்விட அவகாசம் எங்கே?

அதற்காக உங்கள் வளாகத்துப் பிள்ளைகளை என்றென்றைக்கும் விலக்கிவைக்கும் பலகையை நான் ஆதரிக்கவில்லை. தாராவியின் சந்துகளில் விளையாட இடமின்றி வளர்ந்தவர்கள் நம்மில் அநேகர். முதல் ஒரு மாதம் கயிறு கட்டுங்கள், பின்பு அவிழ்த்துவிடுங்கள். பாதியில் விளையாடும்போது மறுபாதி ஓய்ந்திருக்கும்படி மாற்றி மாற்றி விடலாம். எந்த நாளில் கயிறு அவிழும் என்பதை மாலியே தீர்மானிக்கட்டும்; சங்கக் கூட்டத்தில் அவரையும் ஒரு நாற்காலியில் அமர்த்திக் கேளுங்கள்.