உபாத்தியாயருக்குப் பயிற்சியா? யந்திரத்துக்குப் பூஜையா?

பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தாய்விட்டது, சுவரில் திரை மாட்டியாய்விட்டது, இனி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் குறை ஒன்றுமில்லை என்கின்ற பேச்சு இப்போது எங்கு பார்த்தாலும் பலமாய்க் கேட்கப்படுகின்றது. மந்திரிகள் வருகிறார்கள், ரிப்பனை வெட்டுகிறார்கள், படம் பிடித்துக் கொண்டு போகிறார்கள். கொடுத்ததை நாம் குறை சொல்ல வரவில்லை. கொடுத்தது போதாது என்றுகூட இன்றைக்குச் சொல்ல வரவில்லை. அந்த யந்திரத்தை வைத்துக் கொண்டு பாடம் சொல்ல வேண்டிய உபாத்தியாயருக்கு அதற்கு வேண்டிய பயிற்சி கொடுக்கப்பட்டதா என்பதுதான் நமது கேள்வி.

சென்ற ஆயுத பூஜையை ஒட்டி நாம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக நேர்ந்தது. கம்ப்யூட்டர் அறையைத் திறந்து காட்டினார்கள். பத்து யந்திரங்கள் வரிசையாய் இருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. பூ வாடிப் போயிருந்தது. பிள்ளைகள் கடைசியாய் இவற்றைத் தொட்டது எப்போது என்று கேட்டோம். "ஆன்லைன் பரீட்சை வந்தால் திறப்பதுண்டு" என்று பதில் வந்தது. பாடத்துக்கு? என்றோம். அந்த உபாத்தியாயர் யோக்கியமான மனிதர், மறைக்காமல் சொன்னார்: "அய்யா, இரண்டு நாள் கூப்பிட்டு எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று காட்டினார்கள். இதைக் கொண்டு என் கணக்குப் பாடத்தை எப்படி நடத்துவது என்று யாரும் காட்டவில்லை. கெட்டுப் போனால் பதில் சொல்ல வேண்டியவன் நான். பூட்டி வைத்து விட்டேன்."

வாசகர்கள் நன்றாய் யோசித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் தொடக்கூடாத ஒரு வஸ்து; வருஷத்துக்கு ஒரு நாள் அதற்குப் பூவும் பொட்டும்; சாவி ஒருவர் கையில்; மற்றவர்கள் வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டியது. கோவிலின் கர்ப்பக்கிரகத்துக்கும் இந்த அறைக்கும் என்ன வித்தியாசம்? அறிவினால் செய்யப்பட்ட கருவியையே அறிவில்லாமல் வைத்திருந்தால் அதுவும் ஒரு குழவிக்கல்தான் ஆகும். இதில் குற்றவாளி அந்த உபாத்தியாயர் அல்ல. யந்திரத்தை அனுப்பிவிட்டு அவரை அம்போவென்று விட்டுவிட்டவர்களே குற்றவாளிகள்.

இது நமது ஊருக்கு மாத்திரம் வந்த வியாதி அல்ல. 1922-ல் அமெரிக்காவில் எடிசன் என்கின்ற பெரிய யந்திர நிபுணர், சினிமாப் படம் வந்துவிட்டது, இனிப் பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது என்று சொன்னார். நூறு வருஷம் ஆயிற்று. புத்தகம் அப்படியே இருக்கின்றது. இந்திய சர்க்கார் 1984-ல் 'கிளாஸ்' என்று பெயர் வைத்துச் சீமையிலிருந்து வந்த பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்களைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தார்கள். 2004-ல் இன்னொரு திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2011-ல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வந்தது. 2023-24-ம் வருஷத்துச் சர்க்கார் கணக்குப்படி இந்தியாவில் 100-க்குச் சுமார் 57 பள்ளிகளில் கம்ப்யூட்டரும் 54 பள்ளிகளில் இன்டர்நெட்டும் இருந்தன. ஆகவே சாமானைப் பற்றிய கணக்கு வருஷந்தோறும் ஏறிக்கொண்டுதான் வருகின்றது. அந்தச் சாமானால் பிள்ளை எவ்வளவு கற்றது என்கின்ற கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

அந்தக் கணக்கைப் பார்த்த ஒரு தேசத்தின் கதையைச் சொல்லுகிறோம். தென் அமெரிக்காவில் உள்ள பெரு தேசத்தார், பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று தீர்மானித்து, லட்சக்கணக்கில் வாங்கிக் கிராமத்துப் பள்ளிகளுக்கு வாரி வழங்கினார்கள். அது என்ன பலன் தந்தது என்று 319 பள்ளிகளில் பரிசோதனை நடத்தி 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். யந்திரம் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்தது உண்மை. ஆனால் கணக்கிலும் பாஷையிலும் மடிக்கணினி வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் வராத பள்ளிப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் ஒன்றும் காணப்படவில்லை! பாடம் நடத்தும் முறை மாறாமல் பலகை மாத்திரம் மாறினால் பலன் வேறென்ன வரும்? ஏர் பிடிக்கத் தெரியாதவனுக்கு டிராக்டர் வாங்கிக் கொடுத்தால் விளைச்சல் பெருகுமா?

"நாங்கள் பயிற்சி கொடுத்துக் கொண்டுதானே இருக்கிறோம்" என்று சர்க்கார் தரப்பில் சொல்லப்படலாம். வாஸ்தவந்தான். மத்திய சர்க்கார் 2017-ல் 'தீக்ஷா' என்று ஒரு இன்டர்நெட் மேடை அமைத்தார்கள். 2019-ல் சுமார் 42 லட்சம் பேருக்குப் பயிற்சி என்று 'நிஷ்டா'வைத் தொடங்கி, 2020 முதல் அதையும் அந்த மேடையின் மூலமாகவே நடத்தினார்கள். பெயரைப் பார்த்தீர்களா தோழர்களே! ஒன்று தீட்சை, மற்றொன்று நிஷ்டை. தீட்சை என்றால் குரு காதில் ஓதுவதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக் கொள்ளுவது. நிஷ்டை என்றால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பெயருக்குத் தக்கபடியே காரியமும் ஆகிவிடக் கூடாதே என்பதுதான் நமது கவலை. கைப்பேசியில் படம் ஓடிக்கொண்டிருக்க, உபாத்தியாயர் அடுப்பங்கரையிலோ பஸ்ஸிலோ இருந்து கொண்டு, முடிந்தவுடன் பொத்தானை அழுத்தி சர்டிபிகேட் வாங்கிக் கொள்ளுவதாய்ப் பல உபாத்தியாயர்களே நம்மிடம் சிரித்துக் கொண்டு சொல்லியிருக்கிறார்கள். சர்டிபிகேட்டை எண்ணிப் பயிற்சி என்று கணக்குக் காட்டுவது, உண்டியலை எண்ணி ஒழுக்கம் வளர்ந்ததென்று சொல்லுவது போலாகும்.

அப்படியானால் உண்மையான பயிற்சி எது? 2006-ல் அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் சர்வகலாசாலையைச் சேர்ந்த புன்யா மிஸ்ரா, மாத்யூ கோலர் என்கின்ற இருவர் இதைத் தெளிவாய் எடுத்துக் காட்டினார்கள். பாடம் தெரிவது ஒன்று. பாடம் சொல்லத் தெரிவது ஒன்று. யந்திரம் தெரிவது ஒன்று. இம்மூன்றும் தனித்தனியாய் இருந்தால் பிரயோஜனமில்லை. இன்ன பாடத்தை, இன்ன முறையில், இன்ன கருவியைக் கொண்டு சொன்னால் பிள்ளைக்கு விளங்கும் என்று மூன்றும் ஒன்றாய்க் கூடுகின்ற இடத்தில்தான் உபாத்தியாயரின் திறமை இருக்கின்றது என்பது அவர்கள் கருத்து. நமது பயிற்சிகளோ மூன்றாவதை மாத்திரம் பிடித்துக் கொண்டு, திறப்பதையும் மூடுவதையும் சொல்லிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி விடுகின்றன.

ஒரு உதாரணத்தால் விளக்குவோம். 26-12-2019-ல் கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை முதலிய ஊர்களில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் கோவில்களை அடைத்தவர்கள் எத்தனை பேர்! கர்ப்பிணிகளை அறைக்குள் பூட்டியவர்கள் எத்தனை பேர்! தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி அதிசயம் அதிசயம் என்று கைப்பேசியில் படம் அனுப்பியவர்கள் எத்தனை பேர்! பயிற்சி இல்லாத உபாத்தியாயர் வகுப்பில் கிரகணத்தைப் பற்றி ஒரு படத்தை ஓட்டுவார், பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கும், மணி அடிக்கும், வீட்டுக்குப் போய் ராகு கேது கதையையே திரும்பவும் நம்பும். பயிற்சி பெற்றவர் என்ன செய்வார்? படத்தைப் போடும் முன்னால் ஒரு கேள்வி போடுவார்: "சந்திரன் சூரியனை மறைப்பதுதான் கிரகணமானால், அமாவாசைதோறும் ஏன் கிரகணம் வரவில்லை?" ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தோன்றியதை எழுதட்டும், பக்கத்துப் பிள்ளையோடு வாதாடட்டும் என்று விடுவார். பிறகுதான் திரையில் சந்திரனைச் சுழல விட்டு, அதன் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதைக் காட்டி, நடுவில் நிறுத்தி, "இப்போது சொல்" என்பார். டார்ச் விளக்கையும் ஒரு எலுமிச்சம் பழத்தையும் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுவார். மறுநாள், கிரகணமில்லாத நாளில், உலக்கையை நிறுத்திப் பார்த்து வரச் சொல்லுவார். அடி தட்டையாயிருந்தால் உலக்கை என்றைக்கும் நிற்கும் என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்ளும். இரண்டு வகுப்பிலும் யந்திரம் ஒன்றேதான். வித்தியாசம் உபாத்தியாயரிடத்தில் இருக்கின்றது.

யந்திரம் தானாக யாரையும் பகுத்தறிவுவாதி ஆக்கிவிடாது என்பதற்கு வேறு ருஜுவும் வேண்டுமா? நமது நாட்டில் கம்ப்யூட்டர் வந்தவுடன் கம்ப்யூட்டர் ஜாதகமும் கூடவே வந்தது. கிளி எடுத்துக் கொடுத்த சீட்டை இப்போது யந்திரம் எடுத்துக் கொடுக்கின்றது, அவ்வளவுதான். இப்போதோ கேட்ட கேள்விக்கெல்லாம் மனிதனைப் போலவே பதில் எழுதுகின்ற யந்திரமும் வந்துவிட்டது. அது பிழையையும் நிஜத்தைப் போலவே அழகாய்ச் சொல்லுகின்றது. "யந்திரம் சொன்னால் வேதவாக்கு" என்று பிள்ளை நம்பினால், பழைய வேதம் போய்ப் புதிய வேதம் வந்ததுதான் மிச்சம். "அது சொன்னது சரியா? எப்படித் தெரியும்? வேறு எங்கே பார்க்கலாம்?" என்று கேட்கப் பழக்குவதற்கு அறிந்த உபாத்தியாயர் ஒருவர் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும். ஆகையால், யந்திரம் வந்தபின் உபாத்தியாயர் எதற்கு என்பது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகும்.

இதனால் நஷ்டம் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். பணக்காரன் பிள்ளைக்கு வீட்டிலே கம்ப்யூட்டர் இருக்கின்றது. சொல்லிக் கொடுக்கப் படித்த தகப்பன் இருக்கிறான். மாதச் சம்பளத்துக்கு டியூஷன் வாத்தியார் வருகிறார். சர்க்கார் பள்ளி உபாத்தியாயருக்குப் பயிற்சி இல்லாவிட்டால் அவனுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. நஷ்டமெல்லாம் கூலிக்காரன் பிள்ளைக்கும், சேரிப் பிள்ளைக்கும், வீட்டில் கைப்பேசி இருந்தாலும் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டிய பெண் பிள்ளைக்குந்தான். ஒரு காலத்தில் படிக்காதே, கேட்காதே என்று சாஸ்திரத்தைக் காட்டி இவர்களைத் தள்ளி வைத்தார்கள். 1953-ல் அரை நாள் படி, அரை நாள் அப்பன் தொழிலைச் செய் என்று ஒரு திட்டம் வந்தது. மக்கள் எதிர்த்து நின்றதால் 1954-ல் அது போயிற்று. இன்றைக்குச் சாஸ்திரமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். யந்திரத்தைக் கொடுத்துவிட்டு அதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் செய்துவிட்டாலே போதும், அதே காரியம் சத்தமில்லாமல் நடந்துவிடும்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, பயிற்சி ஒரு நாள் கூத்தாயிருக்கக் கூடாது. 1980-களிலேயே அமெரிக்காவில் ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்பவர்கள் ஆராய்ந்து, சொல்லிக் காட்டினால் போதாது, செய்து காட்டினாலும் போதாது. உபாத்தியாயர் தன் வகுப்பிலேயே செய்து பார்க்க, சக உபாத்தியாயர் கூட இருந்து பார்த்துத் திருத்தினால்தான் கற்றது வகுப்பறைக்குள் வரும் என்று எழுதினார்கள். நீந்தக் கற்பிப்பது கிணற்றங்கரையிலா, கிணற்றிலா? இரண்டாவது, அந்தப் பயிற்சிக்கு வேலை நேரத்திலேயே நேரம் ஒதுக்க வேண்டும். ஜனக் கணக்கு, ஓட்டர் ஜாபிதா, ஓயாத புள்ளிவிவரம் எல்லாவற்றையும் உபாத்தியாயர் தலையில் கட்டிவிட்டு, இரவில் பயிற்சி பெறு என்பது நியாயமாகாது. மூன்றாவது, யந்திரம் கெட்டால் உபாத்தியாயர் கையைப் பிடிக்கிற வழக்கம் ஒழிய வேண்டும்; பழுது பார்க்க ஆள் வேண்டும். பயந்தவன் கையில் எந்தக் கருவியும் வேலை செய்யாது.

உபாத்தியாயத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. "எங்களுக்கு வயதாகிவிட்டது, இதெல்லாம் பிள்ளைகளுக்குத்தான் வரும்" என்று சிலர் சொல்லுகிறார்கள். தெரியாதது குற்றமல்ல, தெரிந்து கொள்ள வெட்கப்படுவதுதான் குற்றம். பிள்ளைக்குத் தெரிந்ததைப் பிள்ளையிடம் கேட்டுக் கொள்ளுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறையாது. கேட்பது இழிவல்ல என்பதைப் பிள்ளையும் கற்றுக் கொள்ளும்.

வாசகர்களுக்கும் வேலை இருக்கின்றது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்களாயும் பாதிப் பேர் பெண்களாயும் இருக்க வேண்டும். அது உங்கள் இடம். அடுத்த கூட்டத்துக்குக் கூலி போனாலும் போகட்டுமென்று போய், மூன்றே கேள்விகள் கேளுங்கள். கம்ப்யூட்டர் அறை இந்த மாதம் எத்தனை நாள் திறந்தது? எந்தப் பாடத்துக்குத் திறந்தது? உபாத்தியாயருக்கு அதற்கு யார், எங்கே, எத்தனை நாள் பயிற்சி கொடுத்தார்கள்? பதில் வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த யந்திரங்களுக்குப் பொட்டு வைக்க யாராவது வந்தால், அவை பிள்ளைகளின் கைபட்டு இடைவிடாமல் ஓடிக் கொண்டிருப்பதால் பொட்டு வைக்க நேரமில்லை என்று சொல்லும்படி செய்யுங்கள்.