சுண்டிய பாலும் ரத்தக் குழாயும்

பாலைச் சுண்டக் காய்ச்சும்போது கவனித்திருப்பீர்கள். சர்க்கரை போடுவதற்கு முன்பே அதில் இளம் பழுப்பு ஏறிவிடுகிறது. பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரை, அதிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வரும் நிறம் அது. மெய்லார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1912-ல் இதை விளக்கி எழுதினார்.

இதே சமையல் நம் உடம்பிலும் நடக்கிறது. அடுப்புச் சூடு இல்லாததால் மெல்ல நடக்கிறது, அவ்வளவுதான். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் ஒட்டுவதும் கூடும்.

1968-ல் தெஹரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற டாக்டர், நீரிழிவுக்காரர்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் சற்று வேறுபட்டிருப்பதைக் கண்டார். சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் அது. இன்று டாக்டர் எழுதித் தரும் 'ஹெச்பிஏ1சி' பரிசோதனை இதைத்தான் அளக்கிறது.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து மைசூர்பாகைத் திரும்பியும் பாராத உத்தமர்கள் எந்த வீட்டில்தான் இல்லை! வெறும் வயிற்று ரத்தம் அவர்களுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லலாம். இது சொல்லாது. சிவப்பு அணு சுமார் 120 நாள் வாழ்கிறது. ஆகவே இரண்டு மூன்று மாதக் கணக்கு அப்படியே வெளிவந்துவிடும். 5.7 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவு. (இரும்புச் சத்துக் குறைந்து சோகை உள்ளவர்களுக்கு இந்த எண் கூட்டிக் காட்டலாம். டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.)

இதயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ரத்தக் குழாயின் சுவரைத் தாங்குவது கொல்லாஜன் என்னும் புரத நார். சிவப்பு அணுவைப்போல் நாலு மாதத்தில் அது மாறுவதில்லை. பல வருஷம் இருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரை நாளடைவில் ஒரு நாரை மற்றொரு நாரோடு சேர்த்துத் தைத்துவிடுகிறது. விரிந்து சுருங்க வேண்டிய குழாய் விறைத்துப் போகிறது. துடிப்புக்குத் துடிப்பு இதயம் அதிகப் பலத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது. பத்தியமும் மருந்துமாக இருந்தால் பரிசோதனை எண் மூன்று மாதத்தில் இறங்கும். சுவரில் விழுந்த தையல் அவ்வளவு சுலபத்தில் பிரியாது.

மாரடைப்பு ஆண்களின் வியாதி என்று நாம் அலட்சியமாக இருக்கிறோம். நடுவயது வரை பெண்களுக்கு ஓரளவு சலுகை இருப்பது மெய்தான். ஆனால் நீரிழிவு வந்தால் அந்தச் சலுகை பெரும்பாலும் பறிபோகிறது. வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனைத் தேதியை நினைவூட்டுகிற நீங்கள், உங்களுடையதைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? அடுத்த முறை அவருக்குச் சீட்டு வாங்கும்போது உங்களுக்கும் ஒன்று கேளுங்கள். இதற்குப் பட்டினி கிடக்க வேண்டாம். காலைக் காப்பியைக் குடித்துவிட்டே போகலாம்.