பின்வரிசையிலிருந்து ஒரு குரல்

மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று ஈறாகவுள்ள நம் கடற்கரை ஊர்களிலே சங்கம் இல்லாத பாடசாலையைக் காண்பது அரிது. இலக்கிய மன்றம், விஞ்ஞானக் கழகம், ஆங்கில சங்கம் எனப் பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் தலைவர் ஒருவர், காரியதரிசி ஒருவர், தனாதிகாரி ஒருவர். பதவியேற்கும் நாளிலே மாலைக்கும் கரகோஷத்துக்கும் குறைவில்லை. ஆண்டு முடிவிலே கூட்டக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினாலோ நாலைந்து பக்கங்களே எழுதப்பட்டிருக்கும். சில வேளைகளிலே அந்தப் புத்தகம் எவர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது என்பதே தெரியாது.

தலைமை என்பது யாது? இந்த வினாவுக்கு விடை தேடி, நேயர்களை இவ்வாரம் சற்றே விசித்திரமான ஒரு சங்கத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஆகாயத்திலும் அதற்கு அப்பாலும் செல்லும் மனிதரின் உடல் நலத்தைப் பற்றிய மருத்துவம் ஒன்று உண்டு. வான்வெளி மருத்துவம் என்பது அதன் பெயர். அதனைக் கற்கும் மாணவர்களும் பயிற்சி வைத்தியர்களும் தமக்கென ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலே உள்ள வான்வெளி மருத்துவச் சங்கத்தின் இளைய கிளை அது.

முதலில் அம்மருத்துவத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். நம் வைத்தியசாலைகளில் வைத்தியர் காண்பது வழமையான சூழலில் வாழும் நோயாளியை. வான்வெளி வைத்தியர் காண்பதோ வழமைக்கு மாறான சூழலிலே வைக்கப்பட்ட நல்ல சுகதேகியை. காற்றழுத்தம் குறைந்த இடத்திலே இரத்தம் என்ன செய்கிறது, எடையற்ற நிலையிலே எலும்பு எவ்வாறு தேய்கிறது, இருளிலே பறக்கும் விமானியின் காது அவரை எவ்வாறு ஏமாற்றுகிறது என்பனவெல்லாம் இவர்கள் ஆராயும் பொருள்கள்.

இவை நமக்குத் தூரத்து விஷயங்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மத்திய கிழக்குக்கு விமானம் ஏறியவர் ஒருவரேனும் இல்லாத தெரு எது? ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் செல்லும் முதியோர் எத்தனை பேர்! விமானம் முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்திலே பறக்கையில் அதன் உள்ளறைக் காற்று ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்து மலைக்காற்றைப் போன்றே இருக்கும். அதாவது, கடல் மட்டத்திலே பிறந்து வளர்ந்த நம் பாட்டனார், ஆசனத்தில் அமர்ந்தபடியே நுவரெலியாவுக்கும் பீதுருதலாகலை உச்சிக்கும் இடைப்பட்ட உயரத்திலே சில மணி நேரம் மூச்சு விடுகிறார். சுகதேகிக்கு அது பொருட்டன்று. நெஞ்சு நோயும் சுவாச நோயும் உள்ளவருக்கு அது பெரும் பொருட்டு. பயணத்துக்கு முன்னர் வைத்தியரிடம் கேட்கவேண்டும் என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

இந்த மருத்துவத்துக்கு ஒரு சங்கம் கண்டவர் லூயிஸ் எச். பௌவர் என்னும் அமெரிக்க வைத்தியர். 1929 ஆம் ஆண்டு, டெட்ரோயிட் நகரிலே, விமானிகளைப் பரிசோதிக்கும் வைத்தியர்களை அவர் ஒன்று கூட்டினார். அச்சங்கத்திலே இன்று தலைவர் பதவி ஓராண்டுக்கு உரியது. ஒருவர் தலைவராய் இருக்கும்போதே, அடுத்து வரவேண்டியவர் தெரிவு செய்யப்பட்டு அவர் அருகிலே இருந்து பணி பழகுகிறார். நமது அயல் நாடாகிய இந்தியாவிலும் 1957 இல் விமானப்படையினர் பெங்களூரிலே இதற்கென ஒரு கல்வி நிலையம் அமைத்தனர். 1984 இல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மாவின் உடற் பரிசோதனைகள் அங்கேதான் நடைபெற்றன.

இத்துறையைக் கற்பிக்கும் இடங்கள் உலகிலே மிகச் சிலவே. ஆகவே இதில் நாட்டம் கொண்ட மாணவன் பெரும்பாலும் தன் கல்லூரியிலே தனியனாகவே இருப்பான். அத்தகைய தனியர்களைத் தேடிப் பிடித்து, ஒருவரோடொருவர் பழக வைத்து, அனுபவம் முதிர்ந்த பெரியாரிடம் சேர்ப்பித்து, ஆண்டு மாநாட்டிலே தம் ஆய்வைக் கூச்சமின்றி எடுத்துரைக்கத் துணை நிற்பதே மாணவர் அமைப்பின் தலைவருக்கு உரிய பணி. அதிலே அதிகாரம் சொற்பம், ஊழியமே அதிகம். அன்றியும் அத்தலைமைக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. பயிற்சி முடிந்த அன்றே அவர் மாணவர் அல்லர். எனவே பதவி ஏற்ற நாளிலேயே தமக்குப் பின் வருபவரைத் தேடத் தொடங்குபவரே அங்கே நல்ல தலைவர்.

இனி, இந்த மருத்துவம் தன் மாணவருக்குப் புகட்டும் முதற் பாடத்துக்கு வருவோம். அது தலைமைக்கும் முதற் பாடமாக அமைந்திருப்பதே விந்தை.

1875 ஏப்ரல் 15 ஆம் திகதி, பாரிஸ் நகரிலிருந்து ‘ஸெனித்’ என்னும் வாயுக்கூண்டிலே மூவர் மேலெழுந்தனர். குரோசே ஸ்பினெல்லி, சிவெல், திஸ்ஸாந்தியே என்பன அவர்தம் பெயர்கள். உயரத்திலே பிராணவாயு குறையும் என்பதை அவர்கள் அறிவார்கள். போல் பேர் என்ற விஞ்ஞானியின் அழுத்தக் கூடத்திலே பயிற்சியும் பெற்றிருந்தார்கள். பிராணவாயு அடைத்த பைகளையும் கையோடு கொண்டு சென்றார்கள். கொண்டு செல்லும் வாயு போதாது என்று அவ்விஞ்ஞானி எழுதிய எச்சரிக்கைக் கடிதம் காலந்தாழ்த்தியே வந்து சேர்ந்தது. கூண்டு ஏறக்குறைய எண்ணாயிரத்து அறுநூறு மீற்றர் உயரம் சென்றது. மீண்டு வந்தவர் திஸ்ஸாந்தியே ஒருவரே. மற்றையோர் இருவரும் கூண்டிலேயே உயிர் நீத்தனர். பிராணவாயுப் பைகள் அவர்கள் கைக்கெட்டும் தூரத்திலேதான் இருந்தன.

உயிர் தப்பியவர் பின்னர் எழுதி வைத்ததே நாம் கவனிக்க வேண்டியது. அந்த உயரத்திலே அவர் துன்பம் எதையும் உணரவில்லையாம். உள்ளத்திலே இனம் தெரியாத மகிழ்ச்சியே நிறைந்திருந்ததாம். பேச முயன்றபோதோ நா அசையவில்லையாம். பிராணவாயுக் குறைவின் கொடுமை இதுவே. அது வலியோடு வருவதில்லை. இன்பமாகவே வருகிறது. அறிவு மங்குகிறது, ஆனால், மங்குகிறது என்று அறியவேண்டியதும் அதே அறிவுதானே! முப்பத்தைந்தாயிரம் அடியிலே விமானத்தின் காற்றழுத்தம் போய்விடுமாயின், தெளிந்த அறிவோடு செயற்படக் கிடைக்கும் காலம் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரையே. ஆகவேதான் அழுத்தக் கூடத்திலே பயிற்சி பெறுபவரை வேறொருவர் இடைவிடாது கவனித்துக்கொண்டிருக்கிறார். தன் மயக்கம் தனக்குத் தெரியாது, பிறர்தான் சொல்லவேண்டும்.

பதவி என்பதும் ஓர் உயரமே. அங்கே ஏறியவருக்கும் இத்தகைய மகிழ்ச்சி ஒன்று வருகிறது. தாம் சொல்வதெல்லாம் சரியெனத் தோன்றுகிறது. மறுத்துரைப்பவர் பொறாமைக்காரராகத் தென்படுகிறார். அவ்வேளையிலே அவருக்குத் தேவை இன்னொரு மாலை அன்று. அருகிலே இருந்து உண்மையைச் சொல்லும் ஒருவரே தேவை.

அவ்வாறு சொன்ன ஒருவரின் குரல் கேளாமற் போனதன் விளைவை உலகம் கண்ணீரோடு கண்டது. 1977 மார்ச் 27 ஆம் திகதி, கனாரித் தீவுகளுள் ஒன்றாகிய தெனரீபேயின் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. டச்சு விமானம் ஒன்று புறப்படத் தொடங்கிற்று. அதன் தலைமை விமானி, பிற விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் மூத்தவர். ஓடுபாதையிலே மற்றைய விமானம் இன்னும் விலகவில்லையோ என்று பின்னிருந்த பொறியியலாளர் ஐயத்தோடு வினவினார். விலகிவிட்டது என்று விமானி உறுதியாகச் சொல்லிவிட்டார். மீண்டும் வற்புறுத்திச் சொல்ல எவருக்கும் நா எழவில்லை. சில விநாடிகளிலே இரு பெரு விமானங்களும் மோதின. மாண்டோர் 583 பேர். இத்தகைய விபத்துகளை ஆராய்ந்த பின்னர், 1979 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் கூட்டிய ஆய்வரங்கை ஒட்டி, விமானிகளுக்குப் புதியதொரு பயிற்சி பிறந்தது. இளையவர் துணிந்து சொல்லவும் மூத்தவர் பொறுமையோடு கேட்கவும் அது கற்பிக்கிறது.

இதனை எழுதும்போது என் பழைய பிழை ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. பாடசாலை நாட்களிலே நான் ஒரு மாணவர் கழகத்தின் தலைவனாயிருந்தேன். கழகத்தாரை ஒருநாள் களப்புக்கு அப்பால் அழைத்துச் சென்றேன். தோணி ஒன்றே கிடைத்தது. இரண்டு தடவையாகப் போகலாம் என்றார்கள் சிலர். நேரம் போகிறதென்று எல்லாரையும் ஒரே தடவையில் ஏற்றினேன். அணியத்திலே இருந்த சிறுவன் ஒருவன், “காக்கா, தோணி தாழுது” என்றான். நான் சிரித்தேன். “பயமென்றால் இறங்கி நில்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மறுபடி வாய் திறக்கவில்லை. கரையிலிருந்து சிறிது தூரம் சென்றதும் தோணி கவிழ்ந்தது. தண்ணீர் மார்பளவே இருந்தபடியால், இறைவன் அருளால், எல்லாரும் நனைந்த உடையோடு கரையேறினோம். அந்தச் சிறுவன் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான்; ஒன்றும் சொல்லவில்லை. அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவுமில்லை. தலைவன் எப்படிக் கேட்பது என்று அன்றைக்கு எண்ணினேன்!

விமானிகள் விபத்துகளுக்குப் பின் கற்ற இப்பாடம் நம் ஊர்களிலே நாள்தோறும் கண்முன் நடக்கிறது. பள்ளிவாசலிலே இமாம் முன்னின்று தொழுகை நடத்துகிறார். அவர் மறதியாக ஒன்றை விட்டுவிட்டால், பின்வரிசையிலே நிற்பவர் “ஸுப்ஹானல்லாஹ்” என்று உரத்துச் சொல்கிறார். சொல்பவர் மீன் விற்பவராயினும் மாணவராயினும், இமாம் அதனை அவமதிப்பாகக் கொள்வதில்லை. தவறைத் திருத்திக்கொண்டு, மறதிக்குரிய ஸஜ்தாவையும் செய்து தொழுகையை நிறைவேற்றுகிறார். பின்னிற்பவரும் இமாமைத் தள்ளிவிட்டு முன்னே போவதில்லை. சொல்லும் முறையும் கேட்கும் முறையும் அங்கே ஒருங்கே அமைந்திருக்கின்றன. பிற மதத்து நேயர்களும் இதனை நினைந்து பார்ப்பார்களாக.

பத்ருக் களத்திலே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓரிடத்திலே தங்கியபோது, ஹுபாப் இப்னுல் முன்திர் (ரலி) அவர்கள், இது இறை கட்டளையா, அன்றித் தங்கள் யோசனையா என்று பணிவோடு வினவினார். யோசனையே என்று அறிந்ததும், நீர்க்கிணற்றை அண்டிய வேறோர் இடமே தக்கது என்றார். நாயகம் அவர்கள் அதனை ஏற்று இடம் மாறினார்கள். அத்தகைய தலைமையே கேட்டு நடந்ததென்றால், நம் பாடசாலை மன்றத் தலைவர்கள் எம்மாத்திரம்!

வான்வெளிக்குச் சென்ற ஒரு வைத்தியரும் இவ்வழியிலே நடந்ததைச் சொல்லாமல் விடலாகாது. மலேசிய நாட்டு எலும்பு வைத்திய நிபுணர் ஷேக் முஸப்பர் ஷுக்கூர், 2007 அக்டோபர் 10 ஆம் திகதி, றமழான் மாதத்திலே, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அங்கே ஒரு நாளிலே பதினாறு முறை சூரியன் உதிக்கும். தொழுகை நேரம் எது? கிப்லா எத்திசை? நோன்பு எவ்வாறு? அந்நாட்டு மார்க்க அறிஞர் சபை ஆராய்ந்து வழிகாட்டியது. புறப்பட்ட இடத்தின் நேரத்தைக் கொள்ளலாம், இயன்ற அளவு திசை நோக்கலாம், நோன்பைப் பின்னர் நோற்கலாம் என்பன அதன் சாரம். மேலே செல்பவருக்குக் கீழே இருப்போர் வழிகாட்டினர்.

மாணவமணிகளே, உங்களுள் சிலர் நாளை வைத்தியக் கல்லூரி செல்வீர்கள். யார் கண்டார்? ஒருவரேனும் வான்வெளி மருத்துவம் பயிலவும் கூடும். அதற்கு முன்னர், உங்கள் வகுப்பிலே ஒரு சிறு கழகத்தின் தலைமை உங்களை நாடி வரும். அதனை ஏற்கும் அன்றே மூன்று காரியம் செய்யுங்கள். உங்களிலும் இளைய ஒருவரை அருகிலே வைத்துப் பணி பழக்குங்கள். உங்கள் பிழையை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கு வெளிப்படையாகவே உரிமை கொடுங்கள். ஆண்டு முடிவிலே கணக்கையும் குறிப்புப் புத்தகத்தையும் குறைவின்றி ஒப்படைத்து, புன்முறுவலோடு பின்வரிசைக்கு வந்து அமருங்கள்.

வந்து அமர்ந்த பின்னரும் உறங்கிவிடாதீர்கள். தோணி தாழ்வதை முதலிலே காண்பவர் பெரும்பாலும் அணியத்திலே இருக்கும் சிறியவரே. அவர் வாய் திறக்கும்போது எவரும் சிரிக்காதபடி பார்த்துக்கொள்வது, முன்னாள் தலைவருக்கு உரிய கடமை.