ஒய்யா, என்னா?

எங்கள் டி.டி.பி. கடையில் இரண்டு கணினிகள். இரண்டிலும் லினக்ஸ் மின்ட். போன வைகாசியில், கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்த ஒரு சாயங்காலம், மாதக்கணக்கில் சேர்ந்துபோன அப்டேட்டுகளை மொத்தமாக ஓட்டினேன். பாதியில் கரன்ட் போயிற்று. யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம். கரன்ட் வந்ததும் பார்த்தால், புது கர்னல் பாதியில் நின்று கணினி எழவே இல்லை. நல்லவேளை, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பட்டியலில் பழைய கர்னல் இருந்தது. அதன் வழியே உள்ளே போய் எல்லாவற்றையும் சரிசெய்ய இரவு பதினொன்று. அதுவரை மாப்பிள்ளை வீட்டார் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

“இதுக்குத்தாண்ணே நான் அப்டேட்டே போடுறதில்ல” என்றார் பக்கத்துக் கடைத் தம்பி. எனக்கு ஒப்பவில்லை. தப்பு, போட்ட நேரத்திலும் சேர்த்து வைத்ததிலும்தான்.

‘ஆப்ட் அப்டேட்’ சரக்குப் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். ‘அப்கிரேட்’தான் சரக்கை இறக்கும். நடுவில் ஒரு கேள்வி வரும்: ஒய்யா, என்னா? நம்மில் பலர் படிக்காமல் ஒய் அடிக்கிறோம். ‘ஃபுல் அப்கிரேட்’ என்றால் சிலவற்றை நீக்கவும் செய்யும். ஒருமுறை நீக்கப் பட்டியலில் என் டெஸ்க்டாப்பே இருந்தது. புதுப் பதிப்பு ஆசையில் நான் சேர்த்த பிபிஏ என்ற வெளிக் களஞ்சியம் செய்த வேலை.

புதுசு என்றால் பறக்கிறவர்களுக்கு 2024 மார்ச்சை நினைவூட்டுவேன். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு வைத்திருந்தார்கள். லாகின் அரை நொடி தாமதமாவதைத் துருவிப் பிடித்தவர் ஆன்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அது நுழைந்திருந்தது, ஸ்டேபிளுக்குள் வரவில்லை. உபுண்டுகூட 24.04-ஐ ஏப்ரலில் வெளியிட்டாலும், 22.04 வைத்திருந்தவர்களை 24.04.1 வந்த பிறகுதான் மாறச் சொன்னது.

பாதுகாப்புத் திருத்தம் வேறு கணக்கு. ஓட்டை ஊருக்குத் தெரிந்த அன்றே திருடனுக்கும் தெரிந்துவிடும். அன்றன்றே போட்டுவிட வேண்டும். மற்றவற்றுக்கு எனக்கு ஞாயிற்றுக்கிழமை. டைம்ஷிஃப்டில் ஒரு நகல் எடுத்துவிட்டுத்தான் தொடங்குவேன். (அது சிஸ்டத்தைத்தான் காக்கும்; வாடிக்கையாளர் ஃபைல்களைத் தனி டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள்.) பேட்டரியும் மாற்றியாயிற்று.

தம்பியின் கணினியில் இன்னும் உபுண்டு 20.04தான். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதில்தான் அவர் ஊராருக்கெல்லாம் பான் கார்டு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறார்.