மீசைக்குக் கைதட்டியது போதும்



போன வாரம் பழைய தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த இரண்டு மூன்று பேர் போனில் கூப்பிட்டு, "எல்லாத்தையும் எழுதினீங்க, சந்தனக்காட்டை மட்டும் உட்டுப்போட்டீங்களே" என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். அது நாலு வரியில் முடிகிற சங்கதி அல்ல. இன்று அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

2007-ல் மக்கள் தொலைக்காட்சியில் 'சந்தனக்காடு' ஒளிபரப்பானது நினைவிருக்கும். கௌதமன் இயக்கினார், கராத்தே ராஜா வீரப்பனாக நடித்தார். வீரப்பன் செத்து ஏறக்குறைய மூன்று வருடம் ஆன நேரம் அது. மாமியார் மருமகள் தொடரைத் தொடாத ஆண்பிள்ளைகள்கூட அந்த நேரத்துக்கு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். பிறகு 2013-ல் 'வனயுத்தம்' படம் வந்தது. 2023-ல் ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் ஒரு ஆவணத் தொடரைப் போட்டது. டிசம்பரில் ஜீ5 'கூச முனிசாமி வீரப்பன்' என்று இன்னொன்றைப் போட்டது. நக்கீரன் காட்டுக்குள் போய் எடுத்த பேட்டியில் அவன் பேசுவதும் நடிப்பதும் சிரிப்பதும் அதில் அப்படியே இருக்கிறது. ஆள் போய் இருபது வருடம் ஆகியும் அவனைப் பார்க்கிற ஆசை நமக்குத் தீரவில்லை.

ஏன் தீரவில்லை? அவன் வீரத்தைப் பார்த்து நாம் மயங்கவில்லை என்பது என் எண்ணம். நம் சொந்தக் கோபம்தான் நம்மை டிவி முன்னால் உட்கார வைக்கிறது. ஒரு பட்டா மாறுதலுக்காக ஆபீஸ் வாசலில் நாலு நடை நடந்தவன், ஒரு கையெழுத்துக்காகக் கைகட்டி நின்றவன், போலீஸ்காரன் 'டேய்' என்று கூப்பிட்டதை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு வந்தவன், எல்லோரும் நம் ஊரில்தான் இருக்கிறோம். இரண்டு மாநில அரசாங்கத்தையும் ஒருத்தன் இருபது வருடம் சுற்ற விட்டான் என்றால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வருகிறது. அந்தக் கோபத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அதைக் கொண்டுபோய் யார் காலடியில் கொட்டுகிறோம் என்பதுதான் என் சண்டை.

அவனுக்காகப் பேசுகிறவர்கள் வழக்கமாக மூன்று சொல்வார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, "அவன் இருந்த வரைக்கும் காடு பத்திரமா இருந்துச்சுங்க." சத்தியில் இருக்கிறவர்களே இப்படிச் சொல்லும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. நம் நாட்டு யானையில் பெண்ணுக்குத் தந்தம் கிடையாது. ஆணிலும் எல்லாவற்றுக்கும் கிடையாது. தந்தத்துக்காகச் சுடுகிறவன் ஆண் யானையாகப் பார்த்துப் பார்த்துச் சுடுகிறான். கூட்டத்தில் கொம்பன் குறைந்தால் அந்தக் காட்டில் அடுத்த தலைமுறையே கெட்டுப்போகிறது. சந்தன மரத்தில் வைரம் பாய்ந்து வாசம் ஏற இருபது முப்பது வருடம் ஆகும். எண்ணெய் வேரிலும் இருப்பதால் வெட்டுகிறவன் அடிக்கட்டையைக்கூட விடமாட்டான், தோண்டி எடுத்துவிடுவான். அவன் பிழைப்பே இந்த இரண்டும்தான். ஆளுக்குப் பயந்து விறகுவெட்டி உள்ளே போகவில்லை என்பதற்காகக் கொள்ளைக்காரனைக் காவல்காரன் என்று சொல்வதா? சத்தியமங்கலம் காடு சரணாலயமானது 2008-ல். புலிகள் காப்பகமானது 2013-ல். இரண்டும் அவன் போன பிறகு நடந்தவை.

இரண்டாவது, "தமிழனுக்காகக் குரல் கொடுத்தான்." 2000 ஜூலை 30-ம் தேதி ராத்திரி நம் தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரைத் தூக்கிக்கொண்டு போனான். 108 நாள் கழித்து நவம்பர் 15-ல்தான் விட்டான். நான் அப்போது தபால் இலாகாவில் இருந்தேன். திம்பம் மலை ஏறுகிற பஸ் நின்றால் தபால் பையும் நிற்கும். பெங்களூரில் பிள்ளைகள் வேலையில் இருக்கிற தாய்மார்கள் ஜன்னலில் வந்து, "ஏனுங்க, பெங்களூர்ல இருந்து ஏதாச்சும் லெட்டர் வந்துருக்குதுங்களா" என்று கேட்பார்கள். அங்கே தமிழர்கள் தெருவில் சத்தமாகத் தமிழ் பேசவே பயந்த நாட்கள் அவை. காட்டுக்குள் இருந்து ஒருத்தன் தமிழன் என்று முழங்கினான். அதற்கு விலை கொடுத்தது சிவாஜிநகரிலும் அல்சூரிலும் குடியிருந்த கூலித் தமிழன்.

அவன் கேட்ட கோரிக்கைகளில் ஒன்று, பெங்களூரில் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும் என்பது. சிலை திறந்தது 2009 ஆகஸ்ட் 9-ல், அவன் செத்து ஏறக்குறைய ஐந்து வருடம் கழித்து. கருணாநிதியும் எடியூரப்பாவும் பேசி முடிவுக்கு வந்து திறந்தார்கள். துப்பாக்கியால் முடியாத காரியம் பேச்சால் முடிந்தது. இதை எந்தத் தொடராவது ஒரு எபிசோடாவது எடுத்ததா?

மூன்றாவதுதான் பலமான வாதம். "அதிரடிப்படைக்காரன் பண்ணாத அக்கிரமமா? அவன் மட்டும் யோக்கியனா?" இல்லை, யோக்கியன் இல்லை. மலை கிராமத்து ஆண்களையும் பெண்களையும் பிடித்துக்கொண்டு போய், மாதேஸ்வரன் மலையில் 'ஒர்க்ஷாப்' என்று பெயர் வைத்த இடத்தில் மின்சாரம் பாய்ச்சினார்கள் என்று சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்ல. தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு போட்டு விசாரித்தது. 2007-ல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. தலைக்குச் சராசரியாக 3 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வீரப்பனைச் சுட்ட அதிரடிப்படைக்காரர்களுக்கு 2004-லேயே ஆளுக்கு 3 லட்சம் ரூபாயும் வீட்டு மனையும் ஒரு படி பதவி உயர்வும் அறிவித்தார்கள். இந்தக் கணக்கைப் பார்த்து வயிறு எரியாதவன் மனிதனே இல்லை.

'சந்தனக்காடு' தொடர் மலைமக்கள் பட்ட பாட்டையும் காட்டியது. அதை நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அதைச் சொல்லத் துணிவு வேண்டும். ஆனால் இந்த மாதிரிக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுவான கோளாறு இருக்கிறது. அடி வாங்கியவன் ஒரு நாள் வந்து அழுதுவிட்டுப் போகிறான், மீசைக்காரன் தினமும் வருகிறான். அந்தப் பெண் சிந்திய கண்ணீர் கடைசியில் அவன் கணக்கில் வரவாகிறது. அவள் பட்ட அடி, அவன் அடுத்துச் சுடப்போகிற துப்பாக்கிக்கு நியாயமாகிவிடுகிறது. அவளுக்கு என்ன கிடைத்தது?

1993 ஏப்ரல் 9. பாலாறு கண்ணிவெடி. 22 பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீருடை போட்டவர்கள் அல்ல. தகவல் சொல்ல, வழி காட்ட என்று போலீஸ் கூட்டிக்கொண்டு போன சாதாரண ஊர்க்காரர்கள். போலீஸ் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது, போனால் வீரப்பன் விடமாட்டான். இந்த இரண்டுக்கும் நடுவில் செத்தவர்களின் பெயர் ஒன்றாவது உங்களுக்கும் எனக்கும் தெரியுமா? வீரப்பனுடைய நாயின் பெயர் கேட்டால்கூடச் சொல்ல ஆள் இருக்கும்.

அந்தக் குண்டுக்குப் பிறகுதான் மலையில் பிடித்த பிடி இறுகியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தடா சட்டத்தில் மைசூர் சிறைக்குப் போனார்கள். ராஜ்குமாரை வைத்துக்கொண்டு வீரப்பன் அவர்களை விடச் சொன்னான். அரசுகள் வளைந்தும் கொடுத்தன. அப்போது உச்ச நீதிமன்றத்துக்குப் போய்த் தடுத்தவர் அப்துல் கரீம் என்கிற ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. 1992 ஆகஸ்டில் வீரப்பன் பதுங்கியிருந்து கொன்ற சப் இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவின் தகப்பனார். இரண்டு மாநில அரசுகளுக்கு எதிராக, மகனைப் பறிகொடுத்த கிழவர் சட்டப் புத்தகத்தோடு நின்றார். அதன் பிறகு 2001-ல் தடா நீதிமன்றம் விசாரணையை முடித்து, அடைபட்டவர்களில் பெரும்பாலோரைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. எட்டு வருட வாழ்க்கை போனது போனதுதான். ஆனாலும் களங்கம் இல்லாமல் வெளியே வந்தது கோர்ட் வழியாகத்தான். கொள்ளைக்காரன் வாங்கிக் கொடுத்த பிச்சையாக அல்ல.

இன்னொன்று, வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்திக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்தப் பெண்கள் துப்பாக்கி தூக்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தின் துணையோடு படியேறினார்கள், சாட்சி சொன்னார்கள், அடையாளம் காட்டினார்கள். 19 வருடம் ஆனது. 2011 செப்டம்பர் 29-ல் 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். 2023-ல் உயர் நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

இப்போது சொல்லுங்கள். அரசாங்கத்தை மண்டியிட வைத்தது யார்? இருபது வருடம் ஒளிந்து திரிந்தவனா, 19 வருடம் கோர்ட்டில் நின்ற அந்தப் பெண்களா?

கோபிநத்தம் வீரப்பன் பிறந்த ஊர். அங்கே போய்த் தங்கி வேலை செய்தவர் ஸ்ரீநிவாஸ் என்கிற வன அதிகாரி, ஆந்திராக்காரர். ஊர்க்காரர்களுக்கு மருத்துவ வசதி செய்து கொடுத்தார், மாரியம்மன் கோயில் எழும்ப உதவினார். வீரப்பன் சரணடைகிறேன் என்று சொல்லியனுப்பியதை நம்பி ஆயுதம் இல்லாமல் போனார். 1991 நவம்பர் 10-ல் அவரைக் கொன்று தலையை அறுத்தான். அரசாங்கம் கீர்த்தி சக்ரா கொடுத்தது. அதைவிடப் பெரிய விருதை அந்த ஊர் ஜனங்கள் கொடுத்தார்கள். அவர் படத்தை மாரியம்மன் கோயிலிலேயே வைத்தார்கள். வீரப்பன் ஊர்க்காரர்களுக்கே யார் வீரன் என்று தெரிந்திருக்கிறது.

வெளிநாட்டிலும் கெட்டவனை நடுவில் வைத்துத் தொடர் எடுக்கிறார்கள் என்பார்கள் சின்னப் பையன்கள். எடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2008 முதல் 2013 வரை வந்த 'பிரேக்கிங் பேட்' தொடரில், புற்றுநோய் வந்த ரசாயன வாத்தியார் ஒருவர் போதைப்பொருள் காய்ச்சுவார். எல்லாம் குடும்பத்துக்காக என்றே சொல்லிக்கொண்டு வருவார். கடைசி எபிசோடில் மனைவியிடம், எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்று ஒத்துக்கொள்வார். கற்பனைப் பாத்திரத்துக்கு இருக்கிற அந்த நேர்மையை நம் ஆட்கள் நிஜமான கொலைகாரனிடம் கேட்பதே இல்லை. கொலம்பியா நாட்டில் பாப்லோ எஸ்கோபார் என்கிற கடத்தல்காரனைப் பற்றி 2012-ல் ஒரு பெரிய தொடர் வந்தது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவர், எஸ்கோபார் ஆட்கள் 1986-ல் சுட்டுக்கொன்ற பத்திரிகை ஆசிரியர் கில்லெர்மோ கானோவின் மகன். கதையைச் சொல்கிற உரிமை பாதிக்கப்பட்ட வீட்டுக்கும் உண்டு என்று அங்கே காட்டினார்கள். இங்கே ஷகீல் அகமது வீட்டுக்காரரோ பாலாற்றில் செத்தவன் பெண்டாட்டியோ நடுவில் நின்று கதை சொன்ன ஒரு தொடர் உண்டா?

வீரப்பனைப் பற்றிப் படமே எடுக்கக்கூடாது என்று சொல்ல வரவில்லை. அதற்குப் பதிலாகப் போலீசைக் கடவுளாக்கி எடுங்கள் என்றும் சொல்லவில்லை. அது இதைவிடப் பெரிய பொய். நடுவில் யாரை நிறுத்துகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். நமக்கு அரசாங்கத்தின் மேல் இருக்கிற கோபம் நிஜம். அதை ஒரு மீசைக்குக் கைதட்டித் தீர்த்துக்கொண்டால், அடுத்த நாள் அதே ஆபீஸ் வாசலில் அதே மாதிரிக் கைகட்டித்தான் நிற்போம். அதே கோபத்தை வாச்சாத்திப் பெண்கள் மாதிரி மனுவாக எழுதி, சாட்சியாகச் சொல்லி, விடாமல் நின்றால் ஒரு நாள் அந்த நாற்காலி ஆடும்.

அந்தியூர், பர்கூர், சத்தி, தாளவாடி, கொளத்தூர்ப் பக்கம் அந்த வருடங்களைப் பார்த்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நமக்கெல்லாம் எழுபதைத் தாண்டிவிட்டது. வீரப்பன் கதை எனக்கு வேண்டாம், அது போதுமான அளவு இருக்கிறது. உங்கள் ஊரில் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராதவர், காட்டுக்காரன் கூப்பிட்டு மறுநாள் பிணமாகக் கிடந்தவர், அவர்களை நம்பி இருந்த வீடு என்ன ஆனது என்பதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாம் போய்விட்டால் அதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.