காண்பானும் கருவியும்

அணுவுலகில் எப்பொருளும் ஒருவர் நோக்கும்வரை திட்டமான நிலையைப் பெறுவதில்லை. நோக்குபவரின் மனமே அதற்கு உருவளிக்கின்றது. ஆகவே உலகம் மனத்தின் படைப்பே என்பதை நவீன விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது. இத்தகைய கூற்று இன்று சொற்பொழிவு மேடைகளிலும் பொதுமக்களுக்கான நூல்களிலும் அடிக்கடி எழுகின்றது. திருப்பதி போன்ற ஊரில் இது செவிக்கு இனிமையாகவும் இருக்கும். ஒருபுறம் திருமலைக்குச் செல்லும் யாத்திரிகர் கூட்டம். மறுபுறம் 1954ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 2015ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும். பக்தியும் ஆராய்ச்சியும் அருகருகே வாழும் இடத்தில், இரண்டும் ஒன்றையே கூறுகின்றன எனக் கேட்க யாருக்குத்தான் விருப்பம் இராது? ஆயினும் விருப்பம் வேறு, நிரூபணம் வேறு.

இக்கூற்றைப் பற்றி மாணவன் ஒருவன் வகுப்பில் வினவினால் ஆசிரியர் என்ன விடையளிப்பது? ‘ஆம்’ என்று கூறிவிட்டால், அளவுகோலின் எண் அளப்பவனின் எண்ணத்தைப் பொறுத்தது என்னும் தவறான பாடத்தை அவன் கற்றுக்கொள்வான். நகைத்து ஒதுக்கிவிட்டாலோ, மனத்தைப் பற்றிய வினா விஞ்ஞானத்திற்கு ஆகாதது என்று கருதி வாய் மூடிக்கொள்வான். இரண்டும் இழப்பே. நடுவே உள்ள வழியைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழப்பத்தின் பெரும்பகுதி சொற்களிலிருந்து பிறக்கின்றது என்பது மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டோருக்கு எளிதில் விளங்கும். மேல்நாட்டுப் பௌதிக நூல்களில் ஒரு துகளின் நிலையைப் பதிவு செய்யும் எச்செயலும் ‘நோக்கல்’ என்னும் பொருள் தரும் சொல்லாலேயே குறிக்கப்படுகின்றது. அதைச் செய்வது ஒரு புகைப்படத் தகடாக இருக்கலாம். எண்ணிக் காட்டும் மின்கருவியாக இருக்கலாம். அச்சொல்லைத் தமிழில் ‘காண்டல்’ என்று பெயர்த்த அக்கணமே, காண்பான், காட்சி, காட்சிப்பொருள் என்று நம் தத்துவ மரபு வகுத்த மூன்றும் உடன் வந்து அமர்ந்துகொள்கின்றன. கண்ணும் அறிவும் உடைய ஒருவன், மூலத்தில் இல்லாதவன், மொழிபெயர்ப்பில் நுழைந்துவிடுகின்றான். அங்கே வேண்டியது ‘அளவீடு’ அல்லது ‘பதிவு’ என்னும் சொல்லே. ‘உணர்வு’ என்பதும் இத்தகையதே. தொடுவுணர்வும் உணர்வு, துக்கமும் உணர்வு, விழித்திருத்தலும் உணர்வு, வேதாந்தி கூறும் சைதன்யமும் உணர்வு. இந்நான்கில் எதைப் பற்றிப் பேசுகின்றோம் என்று கூறாமல் நடத்தும் விவாதம் எங்கும் போய்ச் சேராது.

இனிப் பொருளுக்கு வருவோம். இரு மெல்லிய பிளவுகளையுடைய ஒரு தடுப்பின் மீது எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாகச் செலுத்தினால், அப்பாலுள்ள திரையில் அவை தனித்தனிப் புள்ளிகளாகவே விழுகின்றன. ஆனால் பல்லாயிரம் புள்ளிகள் சேர்ந்த பின், குளத்தில் இரு கற்களை எறிந்தால் எழும் அலைகள் ஒன்றையொன்று வெட்டுவதைப் போன்ற வரிகள் திரையில் தோன்றுகின்றன. எப்பிளவின் வழியே எலெக்ட்ரான் சென்றது என்பதைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தால் அவ்வரிகள் மறைகின்றன. இது உறுதியான சோதனை முடிவு. ‘நோக்கியதால் மறைந்தன’ என்று இதனைச் சுருக்கிக் கூறுவதும் வழக்கம். அச்சுருக்கத்தில்தான் தவறான கருத்து ஒளிந்துள்ளது.

வரிகளை அழித்தது மனமா, அன்றிப் பதிவா? இதற்குச் சோதனையே விடை கூறியுள்ளது. 1999ஆம் ஆண்டில் வியன்னா நகரில் ஆன்டன் ஸைலிங்கர் குழுவினர் அறுபது கார்பன் அணுக்கள் கொண்ட பெரிய மூலக்கூறுகளிலும் இத்தகைய வரிகளைக் கண்டனர். 2004ஆம் ஆண்டில் அக்குழுவினர் எழுபது கார்பன் அணுக்களைக் கொண்ட மூலக்கூறுகளை லேசர் ஒளியால் சூடேற்றிச் செலுத்தினர். சூடேறிய இரும்பு ஒளிர்வதைப் போல அம்மூலக்கூறுகளும் வழியிலேயே ஒளியை உமிழ்ந்தன. வெப்பம் ஏற ஏற வரிகள் மங்கி, இறுதியில் மறைந்தன. உமிழப்பட்ட ஒளியை எவரும் பிடித்துப் பார்க்கவில்லை. மூலக்கூறு எங்கிருந்தது என்னும் செய்தியை அவ்வொளி சுற்றுப்புறத்திற்குக் கொண்டு சென்றது, அதுவே போதுமானதாயிற்று. காண்பான் ஒருவனும் இல்லாமலேயே ‘காண்டல்’ நிகழ்ந்துவிட்டது.

நம் நாட்டவர் பங்கு கொண்ட மற்றோர் உதாரணமும் உண்டு. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, பிற்காலத்தில் சென்னைக் கணித விஞ்ஞான நிலையத்தின் இயக்குநராகவும் விளங்கிய ஈ. ஸி. ஜார்ஜ் சுதர்சன், வைத்தியநாத மிஸ்ரா என்பவருடன் சேர்ந்து 1977ஆம் ஆண்டில் ஒரு விந்தையான முடிவை வெளியிட்டார். நிலை மாறவிருக்கும் ஓர் அணுவை இடைவிடாது அளந்துகொண்டே இருந்தால் அது மாறவே மாறாது என்பதே அம்முடிவு. பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் நின்றே இருக்கின்றது என்று வாதிட்ட கிரேக்க ஞானி ஸீனோவின் பெயரை அதற்கு இட்டனர். பார்த்துக்கொண்டே இருந்தால் பால் பொங்காது என்பது போன்ற இச்செய்தியைக் கேட்டவுடன், தியானத்தின் வலிமைக்கு விஞ்ஞானச் சான்று கிடைத்துவிட்டது என்று மகிழ்வோர் உளர். 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இது சோதிக்கப்பட்டது. சுமார் 5,000 பெரிலியம் அயனிகளை ஒரு பொறியில் நிறுத்தி, ரேடியோ அலையால் அவற்றை ஒரு நிலையிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றத் தொடங்கினர். அம்மாற்றம் முற்றுப்பெறப் பிடிக்கும் நேரம் ஏறத்தாழ கால் விநாடி. அந்நேரத்திற்குள் 64 முறை லேசர்த் துடிப்புகளைச் செலுத்தியபோது மாற்றம் பெரும்பாலும் தடைப்பட்டது. அங்கே ‘நோக்கியவை’ அந்த ஒளித்துடிப்புகளே. விஞ்ஞானிகள் அவ்வேளையில் அயனிகளையே எண்ணிக்கொண்டிருந்தனரா, பகலுணவை எண்ணிக்கொண்டிருந்தனரா என்பது முடிவைச் சிறிதும் மாற்றாது.

மனத்திற்குப் பௌதிகத்தில் இடம் கொடுத்த பேரறிஞர்களே இலர் என்று இதனால் கொள்ளலாகாது. ஜான் வான் நாய்மன் 1932ஆம் ஆண்டில் எழுதிய நூலில், அளக்கும் கருவிக்கும் அளக்கப்படும் பொருளுக்கும் இடையே கோடு எங்கே கிழிப்பது என்னும் வினாவை எழுப்பினார். யூஜின் விக்னர் 1961ஆம் ஆண்டில், அக்கோடு நோக்குபவரின் உணர்விலேயே முடிகின்றது என்று வாதிட்டார். ஆயின், சுற்றுப்புறத்தின் தாக்கத்தால் அலை ஒழுங்கு குலைவதைப் பற்றி ஹைன்ஸ் டீட்டர் ஸே 1970ஆம் ஆண்டில் எழுதிய ஆராய்ச்சிக்குப் பின்னர், விக்னர் தம் கருத்தைக் கைவிட்டார் என்பதும் வரலாறு. மூளையின் நரம்பணுக்களுள் குவாண்டம் நிகழ்ச்சிகளே உணர்வைத் தோற்றுவிக்கின்றன என்று ரோஜர் பென்ரோஸும் ஸ்டூவர்ட் ஹாமராஃபும் கூறியுள்ளனர். அதற்கு எதிராக மாக்ஸ் டெக்மார்க் 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டியது யாதெனில், வெதுவெதுப்பான மூளையில் அத்தகைய ஒழுங்கு ஒரு விநாடியைப் பத்து லட்சம் கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு அளவேனும் நிலைப்பது அரிது; நரம்புகள் செயற்படுவதற்கோ ஆயிரத்தில் ஒரு விநாடியேனும் தேவை. இக்கணக்கைப் பென்ரோஸ் தரப்பினர் ஏற்கவில்லை. விவாதம் நடைபெறுகின்றது, முடிவு கிட்டவில்லை.

இவ்விவாதத்தில் நம் வட்டாரத்திற்கு நேரான தொடர்பு ஒன்று உண்டு. 1911 முதல் 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த மதனப்பள்ளியில்தான் 1895ஆம் ஆண்டில் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். அருகிலுள்ள ரிஷி வாலி பள்ளி அவருடைய முயற்சியால் உருவானது. காண்பானும் காணப்படும் எண்ணமும் இரண்டல்ல என்பது அவர் பேச்சுகளில் மீண்டும் மீண்டும் வரும் கருத்து. அக்கருத்தைத் தாங்கிய நூலொன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர நூலகத்தில், டேவிட் போம் என்னும் பௌதிகப் பேராசிரியரின் மனைவியார் கண்ணில் பட்டது. போம், கிருஷ்ணமூர்த்தியை 1961ஆம் ஆண்டில் நேரில் சந்தித்தார். இருவரின் உரையாடல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1980ஆம் ஆண்டில் நிகழ்ந்த உரையாடல்கள் 1985ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தன.

குவாண்டம் இயல் ஆன்மிகத்தை மெய்ப்பித்துவிட்டது என்று கூறுவோர் இந்நட்பையும் சான்றாகக் காட்டுவர். ஆனால் போம் செய்த பௌதிகத்தைச் சற்றே ஆராய்ந்தால் நிலைமை நேர்மாறாக உள்ளது. 1951ஆம் ஆண்டில் வழக்கமான கொள்கையை விளக்கிச் சிறந்த பாடநூல் ஒன்றை எழுதிய அவர், மறு ஆண்டே அதற்கு மாற்றாக ஒரு கொள்கையை வெளியிட்டார். அதன்படி எலெக்ட்ரானுக்கு எப்போதும் ஓரிடம் உண்டு. ஓர் அலை அதனை வழிநடத்துகின்றது. எவரும் நோக்காத வேளையிலும் அது தன் பாதையில் செல்கின்றது. அக்கொள்கையில் காண்பானுக்குத் தனிச் சலுகை ஏதும் இல்லை! கிருஷ்ணமூர்த்தியுடன் இத்தனை ஆண்டுகள் அமர்ந்து மனத்தைப் பற்றி உரையாடியவர், தம் சமன்பாடுகளில் மனத்திற்கு வேலையே வைக்காதவர். போமின் கட்டுரைகளால் தூண்டப்பெற்ற ஜான் பெல் 1964ஆம் ஆண்டில் தம் புகழ்பெற்ற தேற்றத்தை நிறுவினார். அதனைச் சோதித்தமைக்காக ஆஸ்பே, கிளௌஸர், ஸைலிங்கர் ஆகிய மூவரும் 2022ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

அவ்வாறாயின் போம் கிருஷ்ணமூர்த்தியிடம் கண்டது என்ன? அவர் கண்டது ஓர் ஒப்புமை. கருவியையும் பொருளையும் முற்றிலும் பிரித்துப் பார்க்க இயலாது என்று பௌதிகம் காட்டியது. எண்ணுபவனையும் எண்ணத்தையும் பிரிக்க இயலாது என்று மற்றவர் கூறினார். இரண்டையும் அவர் அருகருகே வைத்துச் சிந்தித்தார். 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வடமொழியில் அளவைக் குறிக்கும் ‘மாத்ரா’ என்னும் சொல்லும், தோற்றத்தைக் குறிக்கும் ‘மாயா’ என்னும் சொல்லும் ஒரே வேரினின்று வருவதையும் அவர் எடுத்துக்காட்டினார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று இலக்கணம் பயின்ற நமக்கு இது சுவையான செய்தி. எனினும் சொற்களுக்கு இடையே உள்ள உறவு பொருள்களுக்கு இடையே உள்ள உறவை நிரூபிக்காது. ஒப்புமை சிந்தனையைத் தூண்டும் திறவுகோல். சாட்சிக் கூண்டில் ஏற்றத் தக்கதன்று. மனத்திற்கும் சடத்திற்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் போம் பிற்காலத்தில் எழுதியவற்றையும் இவ்வகையில் வைத்தே படித்தல் வேண்டும்.

இங்ஙனம் கூறுவதால் எல்லா ஐயங்களும் தீர்ந்துவிட்டன என்று பொருளில்லை. சுற்றுப்புறத் தாக்கத்தால் வரிகள் மறைவதேன் என்பது விளங்குகின்றது. ஆனால் பல முடிவுகளுக்கு இடமிருக்க, ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட ஒரு முடிவே ஏன் நிகழ்கின்றது என்பது இன்றும் விவாதத்திற்குரியது. சடப்பொருளாலான மூளையில் ‘நான்’ என்னும் அறிவு எவ்வாறு எழுகின்றது என்பதும் தீராத வினாவே. தீராத இரண்டு வினாக்கள் இருப்பதாலேயே அவை ஒன்றாகிவிடா. ஒன்றன் இருளை மற்றதன் விளக்காகக் கொள்வது அறிவுடைமையாகாது.

களப்பணியாளர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மழைமானியில் இரவெல்லாம் பெய்த மழை தேங்கி நிற்கின்றது, காலை 8.30 மணிக்கு ஊழியர் வந்து அளவைப் படிக்கின்றார். அவர் வரும்வரை மழை பெய்யவில்லை என்று எவரும் வாதிடார். திருப்பதிக்கு அருகே காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் ராடார், 1,024 ஆன்டெனாக்களைக் கொண்டு மேல்வானத்துக் காற்றினின்று எதிரொலிக்கும் மெல்லிய அலைகளைப் பதிவு செய்கின்றது. அறையில் ஆளிருந்தாலும் இல்லாவிடினும் பதிவு பதிவே. ஆயினும் எதை அளப்பது, எப்போது அளப்பது, பதிவின் பொருள் என்ன என்பவற்றை முடிவு செய்வது மனிதனே. அறிவின் இடம் அங்கேயுள்ளது. அது சிறிய இடமும் அன்று.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒன்று கூற விழைகின்றோம். மாணவன் வினவும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியே அவன் முன் வையுங்கள். சோதனையில் கண்டது என்ன? அதற்கு அறிஞர் கூறும் விளக்கங்கள் எவை? அவ்விளக்கத்தின் மேல் எழுப்பிய தத்துவம் யாது? முதலாவதில் ஐயத்திற்கு இடமில்லை. இரண்டாவதில் கருத்து வேற்றுமை உண்டு. மூன்றாவதில் அவரவர் தம் பொறுப்பிலேயே நடத்தல் வேண்டும். இப்பகுப்பை உணர்ந்த மாணவன் வேதாந்தத்தையும் மதிப்பான், பௌதிகத்தையும் மதிப்பான்; ஒன்றற்கு மற்றொன்றைப் பொய்ச் சாட்சியாக அழைக்கமாட்டான். பன்னெடுங்காலமாகத் தம் காலில் நின்ற தத்துவத்திற்கு எலெக்ட்ரானின் நற்சாட்சிப் பத்திரம் தேவையில்லை. எலெக்ட்ரானுக்கும் நம் தத்துவத்தின் சிபாரிசு தேவையில்லை.