எந்த மொழி என்பது இரண்டாவது கேள்வி



லீவு விட்டால் போதும், "சார், பையனைக் கோடிங் கிளாஸில் சேர்க்கலாமா?", "மாமா, பைத்தானா ஜாவாவா?" என்று போன் வருகிறது. நான் கம்ப்யூட்டர் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவன். பேத்தியின் பிளஸ் டூ புத்தகத்தை அவளோடு உட்கார்ந்து படித்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

"மொத்தம் = மொத்தம் + 1" என்று ஒரு வரி வருகிறது. கணக்கு நோட்டில் இப்படி எழுதினால் தப்பு. புரோகிராமில் அந்தச் சமக்குறிக்கு "வலப்பக்க விடையை இடப்பக்கப் பெட்டியில் போடு" என்று பொருள். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்குப் பைத்தானும் ஒன்றுதான், ஜாவாவும் ஒன்றுதான். பிடிக்காத பிள்ளை ரெக்கார்டு நோட்டில் உள்ள புரோகிராமை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடும். கேள்வியில் ஓர் எண் மாறினால் திணறும்.

சேமோர் பேப்பர்ட்டும் அவருடைய நண்பர்களும் 1967-இல் குழந்தைகளுக்காக லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். ஆமையை நடக்கவிட்டுப் படம் வரையும் முறை அதில்தான் புகழ்பெற்றது. சதுரத்துக்கு 90 பாகை திரும்பினால் சரியாக வரும். சமபக்க முக்கோணத்துக்குப் பிள்ளைகள் 60 என்பார்கள். படம் கோணிக்கொண்டு போகும். எழுந்து நின்று தானே ஆமையாக நடந்து பார்த்தால், திரும்ப வேண்டியது 120 என்று தெரியும். அப்படித் தெரிந்துகொண்டது மறக்காது. இன்று பைத்தானிலும் அந்த ஆமை இலவசமாகவே இருக்கிறது.

அதனால் நான் சொல்வது மூன்று. ஓடவிடும் முன் விடையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். வேறு விடை வந்தால் திட்டாமல், எந்த வரியில் மாறியது என்று பிள்ளையையே தேடச் சொல்லுங்கள். பிறகு ஒரு வரியை மாற்றி மறுபடி ஊகிக்கச் சொல்லுங்கள்.

"இப்போது ஏஐயே எழுதித் தருகிறதே சார்?" என்பீர்கள். எழுதித் தருவது சரியா என்று பார்க்க ஆள் வேண்டாமா? கால்குலேட்டர் வந்தபிறகும் நாம் வாய்ப்பாட்டை விடவில்லையே.

பணம் கட்டும் முன் அந்த வகுப்பில் ஒன்று கேளுங்கள்: "என் பிள்ளை தப்பு செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" "உடனே திருத்திக் கொடுப்போம்" என்றால், வேறு இடம் பாருங்கள்.